ஊர்ப் பள்ளிக்குப் பணமும் உழைப்பும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளிலும், நகராட்சி, மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளிலும் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர், பள்ளிக்காக நிதி திரட்டுவது பற்றியும் நேரம் ஒதுக்கி உழைப்பது பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விதி சொல்வது எது, என் கருத்து எது என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறேன். பதில்கள் அனைத்தும் ஒரே நிலைப்பாட்டிலிருந்து எழுதப்பட்டவை: பள்ளிக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் பெற்றோர் கூடி எடுத்த தீர்மானத்தின் வழியாகவே வர வேண்டும், கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத குடும்பத்துக்கும் அந்தத் தீர்மானத்தில், கொடுத்தவருக்கு உள்ள அதே குரல் இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளிதானே, நாங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒரு குழந்தை படிப்பை முடிப்பதற்குத் தடையாகக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் அக்குழந்தையிடம் கேட்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பள்ளியில் என்னென்ன இருந்தாக வேண்டும் என்பதற்கும் அந்தச் சட்டத்தின் அட்டவணையே பட்டியல் தருகிறது. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், மதிய உணவு சமைக்க இடம், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நூலகம் ஆகியவை அதில் உள்ளன. தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர் இருக்க வேண்டும். இவை அரசின் கடமைகள்.

அப்படியானால் ஊர் மக்கள் தருவது எதற்காக? நம் மாநிலத்தில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956 இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தின் செலவில் ஒரு பங்கை ஊர் மக்களே ஏற்றார்கள். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, 1958 இல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். தங்கள் பள்ளிக்கு என்ன தேவை என்று ஊரார் கூடிப் பட்டியலிட்டு, நிலம், கட்டடம், மேசை, சீருடை எனத் தம்மால் இயன்றதை அங்கே வழங்கினார்கள். அரசின் கை எட்டாத இடத்தை ஊரின் கை நிரப்பியது. அத்தோடு, பள்ளியை ஊரார் தம் சொத்தாக நினைக்கும் பழக்கமும் வேரூன்றியது. இரண்டாவது பலனே பெரியது என்று நான் கருதுகிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டப்படி அரசு கட்டித் தர வேண்டிய கழிப்பறையை ஊரார் தாமே கட்டிக்கொண்டால், அடுத்த முறை அவர்கள் கொடுக்கும் மனுவுக்கு வலுக் குறைந்துவிடும். எனவே, அட்டவணையில் உள்ள குறை எதுவானாலும் முதலில் எழுத்து மூலம் மனு, அதற்கு ஒப்புகை, பிறகு நினைவூட்டல் என்ற வழியில் சென்று, பிள்ளைகள் அதுவரை துன்பப்படாமல் இருக்கத் தற்காலிக ஏற்பாட்டுக்கு மட்டும் ஊர்ப் பணத்தைச் செலவிடுவது நல்லது.

அரசிடமிருந்து பள்ளிக்கு நேரடியாக வரும் பணம் எவ்வளவு?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறைப்படி, பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து அமைகிறது. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, அதற்கு மேல் 1,000 வரை 75,000 ரூபாய். இதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். மின்விசிறி பழுது, சுண்ணாம்பு, கரும்பலகை வண்ணம், துடைப்பம், சோப்பு என்று எண்ணிப் பார்த்தால், இரண்டு ஆசிரியர்கள் உள்ள சிறிய பள்ளிக்கு இத்தொகை எவ்வளவு விரைவாகக் கரையும் என்பது விளங்கும். நிதி திரட்டும் கூட்டத்தைத் தொடங்குவதற்கு முன், இந்த மானியம் இந்த ஆண்டு வந்ததா, எதற்குச் செலவானது என்று கேட்பது பெற்றோரின் உரிமை. அதைக் கண்காணிப்பது பள்ளி மேலாண்மைக் குழுவுக்குச் சட்டமே தந்த பணி.

பெரிய வேலைகளுக்கு வேறு வழிகள் உண்டு. சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதிகளிலிருந்தும், வகுப்பறைக் கட்டடங்களுக்குப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்திலிருந்தும் உதவி கோரலாம். ஊரார் ஒரு பங்கைச் செலுத்த முன்வந்தால் நமக்கு நாமே திட்டம் மிகவும் பொருத்தமானது. 1997-98 இல் தொடங்கப்பட்டு, 2021 இல் மீண்டும் உயிர்பெற்ற அத்திட்டத்தில், பணியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளில் மக்கள் ஐந்தில் ஒரு பங்கு செலுத்தினால் போதும். 3 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சுற்றுச்சுவருக்கு ஊரார் 1 லட்சம் சேர்த்தால் வேலை நடக்கும் என்று தெரிந்தால், பல ஊர்களில் தயக்கம் நீங்கிவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழு என்பது என்ன? அதுவும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஒன்றா?

இரண்டும் வேறு. பெற்றோர் ஆசிரியர் கழகம் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் சங்கம். பள்ளி மேலாண்மைக் குழுவோ கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவின்படி அமைக்கப்படுவது. அதில் நான்கில் மூன்று பங்கினர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் எத்தனை விழுக்காடோ அதற்கேற்ப அவர்களுடைய பெற்றோருக்கும் இடம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 ஆம் ஆண்டு எல்லா அரசுப் பள்ளிகளிலும் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது, பெற்றோராக உள்ள ஒரு பெண்ணே தலைவராக இருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. 2024 இல் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. தலைமை ஆசிரியர் குழுவை ஒருங்கிணைப்பவர்.

குழுவின் முதன்மையான பணி பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது. நிதி திரட்டலைப் பற்றிய எந்தப் பேச்சும் அந்தத் திட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

நிதி திரட்ட முடிவு செய்துவிட்டோம். எங்கிருந்து தொடங்குவது?

பள்ளியைச் சுற்றி நடந்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். தலைவர், தலைமை ஆசிரியர், கொத்தனாராகவோ மின்பணியாளராகவோ இருக்கும் ஒரு பெற்றோர், நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் என ஐந்து பேர் போதும். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்தக் கதவின் தாழ்ப்பாள் உள்ளே விழாது, மழை பெய்தால் எந்த மூலையில் ஒழுகும் என்பதெல்லாம் பெரியவர்களைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். கை கழுவும் குழாய் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுகிறதா என்று அந்த உயரத்தில் நிற்கும் ஒருவரிடம்தான் கேட்க முடியும்.

பிறகு பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: பணமே வேண்டாம், கை உழைப்பால் முடிந்துவிடும் என்பவை, சில ஆயிரங்களில் முடிபவை, அரசின் நிதி இல்லாமல் நடக்காதவை. முதல் வகையை அடுத்த மாதத்துக்குள் முடித்துக்காட்டினால், இரண்டாம் வகைக்குப் பணம் கேட்கும்போது ஊரார் நம்பிக் கொடுப்பார்கள். மூன்றாம் வகையைத் தீர்மானமாக எழுதிக் கிராம சபையில் வையுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. பள்ளியின் தேவை அங்கே தீர்மானமாகப் பதிவானால், வட்டார வளர்ச்சி அலுவலரிடம் பேசும்போது கையில் ஓர் ஆவணம் இருக்கும்.

கட்டுமான வேலை எதுவானாலும், சிறிய சாய்தளமாக இருந்தாலும்கூட, அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தமானது என்பதால் ஒன்றியப் பொறியாளரின் ஒப்புதல் வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தகவல் தெரிவிக்க வேண்டும்.

எந்த வழிகளில் நிதி திரட்டலாம்? எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

நம் ஊர்களில் நன்றாகப் பலன் தரும் வழி கல்விச் சீர். தாய்மாமன் சீர் கொண்டுபோவது போல, ஊரார் தாம்பாளத் தட்டுகளில் பள்ளிக்குத் தேவையானவற்றை வைத்து, மேளதாளத்தோடு பள்ளிக்கு ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். முன்னால் பழமும் பூவும் வைத்த தட்டுகள். அடுத்து நோட்டுப் புத்தகம், பென்சில் பெட்டி, கதைப் புத்தகம். பின்னால் இருவர் தூக்கிவரும் பீரோ, நாற்காலி, தண்ணீர் டிரம், மின்விசிறி. வாசலில் ஆசிரியர்கள் வரவேற்றுச் சந்தனம் கொடுக்கிறார்கள். இந்த முறையின் சிறப்பு என்னவென்றால், பீரோ கொடுப்பவரும் இருபது ரூபாய் பேனாக் கட்டு கொடுப்பவரும் ஒரே வரிசையில் நடக்கிறார்கள். ஆனால் ஊர்வலத்துக்கு ஒரு மாதம் முன்பே தேவைப் பட்டியலைக் கொடுத்து, யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பதினைந்து சுவர்க் கடிகாரங்கள் வந்து சேரும். குடிநீர்த் தொட்டிக்கு மூடி வராது.

முன்னாள் மாணவர் சந்திப்பு இன்னொரு நல்ல வழி. ஊர்த் திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்து எல்லாரும் வரும் நாட்களில் அதை வைத்தால் தனியாக அழைக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் எல்லை ஊர்களில் ஆடி மாதம் மொய் விருந்து நடத்தும் வழக்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்களில் பள்ளிக்காகவும் ஒரு விருந்து வைக்கலாம். ஆனால் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே வலுவாக இருப்பதால், இது திரும்பச் செய்ய முடியாத நன்கொடை என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள். திருமணம், புதுமனை புகுவிழா, பிள்ளையின் பிறந்தநாள் ஆகியவற்றையொட்டி ஒரு சிறு தொகையைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுக்கும் பழக்கத்தை உருவாக்கினால், அது ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வந்துகொண்டிருக்கும்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலாவது, பிள்ளைகளை வசூலுக்கு அனுப்புவது. உண்டியலோ சீட்டுக் கட்டோ கொடுத்துக் கடைத்தெருவுக்கு அனுப்பக் கூடாது. வீட்டிலிருந்து இவ்வளவு வாங்கி வா என்று வகுப்பில் சொல்லவும் கூடாது. இரண்டாவது, பரிசுக் குலுக்கல் சீட்டு. தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டிலிருந்து பரிசுச் சீட்டுக்குத் தடை இருப்பதால், நல்ல நோக்கத்துக்காகச் செய்தாலும் சிக்கல் வரும். மூன்றாவது, தனி ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லும் கியூ.ஆர். அட்டை. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பள்ளிப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கலந்த பிறகு யாராலும் கணக்குக் காட்ட முடியாது.

எல்லாப் பெற்றோரும் ஆளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் எளிதாக முடிந்துவிடுமே?

முடியாது; முடியவும் கூடாது. தலைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த அந்த நொடியிலேயே அது நன்கொடை அல்ல, கட்டணம். கொடுக்க முடியாத தாய், அடுத்த கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார். கூட்டத்தில் அவர் எழுப்பியிருக்கக்கூடிய கேள்வியையும் அவரோடு சேர்த்து நாம் இழந்துவிடுவோம்.

இதே காரணத்துக்காக, பெற்றோர் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயர் பெயராகப் பலகையில் எழுதுவதையும் நான் எதிர்க்கிறேன். ஒவ்வொருவருக்கும் ரசீது கொடுங்கள், பதிவேட்டில் பெயரை எழுதுங்கள், பலகையில் பெற்றோர் தந்த மொத்தத் தொகையை மட்டும் எழுதுங்கள். பிள்ளைகள் அந்தப் பலகையைப் படிக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கணக்கை எப்படி வைத்துக்கொள்வது?

பணம் குழுவின் வங்கிக் கணக்கில் வரவாக வேண்டும். எடுப்பதற்குத் தலைவர், தலைமை ஆசிரியர் இருவரின் கையொப்பமும் வேண்டும். ரொக்கமாக வந்தால் அன்றே அல்லது மறுநாள் வங்கியில் செலுத்துங்கள். தீர்மானப் பதிவேடு, வரவு செலவுப் பதிவேடு, பொருள் இருப்புப் பதிவேடு ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலான சந்தேகங்களுக்கு விடை கிடைத்துவிடும். பெரிய தொகைக்கு வாங்கும்போது மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கிப் பதிவேட்டில் ஒட்டிவையுங்கள்.

ஒரு நல்ல வரவு செலவுப் பக்கம் எப்படி இருக்கும் என்று உதாரணமாகச் சொல்கிறேன். "வகுப்பறைச் சுவர் வண்ணம்: பிரைமர், பெயின்ட் ரசீது எண் இவ்வளவு, தூரிகை, உப்புத்தாள் ரசீது எண் இவ்வளவு, பூச்சு வேலை, மூன்று பெற்றோர், கூலி இல்லை, தேநீர், வடை, ரசீது இல்லை, சாட்சி இருவர் கையொப்பம்." கூலி வாங்காமல் உழைத்ததையும் அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பணம் கொடுத்தவரின் பெயர் பதிவேட்டில் ஏறுவது போலவே, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஏணியில் நின்றவரின் உழைப்பும் ஏற வேண்டும்.

தலைமை ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சுமத்திவிடாதீர்கள். ஈராசிரியர் பள்ளியில் அவரே இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறார். கணக்கெழுத இரண்டு பெற்றோரைத் தேர்ந்தெடுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கெழுதிப் பழகிய ஒரு தாய் அநேகமாக எல்லா ஊரிலும் இருப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுருக்கமான கணக்கைப் பள்ளி வாசலில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள்.

நிறுவனங்களிடம் கேட்கலாமா? வருமான வரிச் சலுகை கிடைக்குமா?

கேட்கலாம். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டம் இதற்காகவே அமைந்தது. தொழிலதிபர் வேணு சீனிவாசன் அதன் தலைவராகவும், சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் அதன் தூதராகவும் அறிவிக்கப்பட்டார்கள். அதன் இணையதளத்தில் பள்ளிகளின் தேவைகளைப் பதிவு செய்யலாம். கொடுப்பவர் எந்தப் பள்ளிக்கு, எதற்கு என்று தேர்ந்தெடுக்கலாம். உங்கள் பள்ளியின் தேவை அதில் ஏறியிருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

வரிச் சலுகையைப் பொறுத்தவரை, அதற்கான பதிவு பெற்ற அமைப்பின் ரசீது இருந்தால்தான் கிடைக்கும். பள்ளிக் குழு தரும் ரசீதை அப்படிக் கருத முடியாது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்குச் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்தக் கழிவு பொருந்தாது.

பெரிய பொருள்களை ஏற்பதற்கு முன், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அதை யார் பராமரிப்பார்கள் என்று கேளுங்கள். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வந்து இறங்கும் நாளில் எல்லாரும் மகிழ்வார்கள். வடிகட்டியை மாற்ற வேண்டிய நாளில் யாரும் இருக்க மாட்டார்கள். பராமரிப்புச் செலவையும் சேர்த்துத் தருமாறு முதலிலேயே எழுதிக் கேட்பதில் தவறே இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பலாமா?

இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை செய்பவர், தம் சொந்த வருமானத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், அவரிடம் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், 2010 ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டவரே. அவரிடமிருந்து பள்ளிக் குழு நேரடியாகப் பணம் பெறக் கூடாது. அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற அமைப்பின் வழியாகவே அவர் உதவ வேண்டும். ஊருக்கு வரும்போது பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

கொடுத்தவர் தம் பெயரைச் சுவரில் எழுதச் சொல்கிறார். என்ன செய்வது?

ஒரு சிறிய பலகையில், எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்தில், ஆண்டையும் பொருளையும் சேர்த்து எழுதலாம் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டுவிடுங்கள். கட்சிக் கொடி நிறம், சாதிப் பட்டம், கடை விளம்பரம் ஆகியவற்றுக்கு இடமில்லை என்றும் அதிலேயே எழுதுங்கள். பொருளைப் பெற்றுக்கொள்ளும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் பரப்புவதை எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். புத்தகப் பையைக் கையேந்தி வாங்கிய படம் அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போதும் யாரோ ஒருவரின் கைப்பேசியில் இருக்கும்.

ஆசிரியர் பற்றாக்குறைக்கு ஊரே சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்துக்கொள்ளலாமா?

பல ஊர்களில் அப்படிச் செய்கிறார்கள். அவர்களுடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஆசிரியரை நியமிப்பது முழுக்க முழுக்க அரசின் பொறுப்பு. 2022 இல் காலிப் பணியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நியமிக்க அரசே வழிசெய்து, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என அரசுப் பணத்திலிருந்து ஊதியம் அறிவித்தது. அத்தகைய ஏற்பாடு இப்போது உங்கள் பள்ளிக்குப் பொருந்துமா என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். மாணவர் எண்ணிக்கையையும் சட்டம் சொல்லும் ஆசிரியர் எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதி மனுவோடு இணையுங்கள். ஊர்ப் பணத்தில் ஒருவரை அமர்த்தினால், அறுவடை பொய்த்த ஆண்டில் அவருக்கும் சம்பளம் இருக்காது, வகுப்புக்கும் ஆள் இருக்காது.

நான் தினக்கூலி. பணமும் இல்லை, நேரமும் குறைவு. என்னால் என்ன செய்ய முடியும்?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். பள்ளிக்குத் தேவைப்படும் வேலைகளில் பெரும்பகுதி, கூலி வேலை செய்யும் பெற்றோருக்கே நன்றாகத் தெரிந்த வேலைகள்.

கொத்தனார் ஒருவர் வாசற்படியைப் பார்த்த உடனே, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு எவ்வளவு நீளச் சாய்தளம் வேண்டும் என்று கணக்கிடலாம்: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது விதி. அரை அடிப் படிக்கு ஆறடி நீளம் வேண்டும். பல பள்ளிகளில் மூன்றடியில் செங்குத்தாகப் போட்டுவிட்டு, சாய்தளம் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்; பிள்ளையை யாராவது பின்னாலிருந்து தள்ளினால்தான் ஏற முடியும். மின்பணியாளர், பிள்ளைகளின் கைக்கு எட்டும் சுவிட்சுப் பெட்டிகளையும் தொங்கும் ஒயர்களையும் அரை நாளில் சரிபார்த்துவிடுவார். அரசு ஆண்டுதோறும் தரும் நான்கு இணைச் சீருடைகளில் தோள் இறங்கியதும் இடுப்பு நிற்காததும் இருந்தால், தையல் தெரிந்த ஒரு தாய் மாலையில் தம் வீட்டுத் திண்ணையில் பிடித்துத் தைத்துக் கொடுக்கலாம். சட்டை பொருந்தாததால் கூசி நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடத் தையல் எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், வாசிப்புக்குக் கொடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேரோடு வராந்தாவில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கக் கேட்பதுதான் வேலை. பிள்ளை "பள்ளி" என்பதைப் "பல்லி" என்று படித்தால் உடனே குறுக்கிடாதீர்கள்; வரியை முடிக்க விடுங்கள்; பொருள் பொருந்தாதது தெரிந்ததும் பாதிப் பிள்ளைகள் தாமே திரும்பிச் சென்று திருத்திக்கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதில் பங்கெடுக்கலாம். பாட்டிமார் சொல்லும் கதையைப் பிள்ளைகள் கேட்டு, தங்கள் சொற்களில் எழுதி, அதைப் பாட்டிக்கே படித்துக்காட்டும்போது, இருவருக்கும் கிடைக்கும் மகிழ்ச்சியை எந்த நன்கொடையாலும் வாங்க முடியாது.

வேறொரு வேலையும் உண்டு. அதை ஆசிரியரால் செய்ய முடியாது. கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ குடும்பம் கிளம்பும் பருவத்தில் பிள்ளை பள்ளிக்கு வருவது நின்றுவிடும். பக்கத்து வீட்டிலிருக்கும் ஒரு தாய் முன்கூட்டியே தெரிந்து, பாட்டி வீட்டில் பிள்ளையை விட்டுச் செல்ல வழி இருக்கிறதா என்று பேசிப் பார்ப்பார். அதே வார்த்தையை அலுவலர் சொன்னால் குடும்பத்தினர் அஞ்சுவார்கள்.

நான் படிக்காதவள். குழுவில் உறுப்பினராகலாமா?

ஆகலாம். எந்தக் கல்வித் தகுதியும் கேட்கப்படுவதில்லை. உங்கள் பிள்ளை அங்கே படிப்பதே தகுதி. கூட்டத்தில் தீர்மானத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். புரியாதவரை கையெழுத்தோ கைநாட்டோ போடாதீர்கள். வேலை தேடி இங்கே வந்து திருப்பூர் போன்ற ஊர்களில் குடியிருக்கும் வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களில் ஒரு தாயாவது குழுவில் இருந்தால், மொழிபெயர்த்துச் சொல்ல ஐந்தாம் வகுப்பு மகளே போதும்.

கூட்டத்தைப் பள்ளி வளாகத்திலேயே நடத்துங்கள். கோயில் மண்டபத்திலோ ஊர்ப் பெரியவர் வீட்டிலோ வைத்தால், சாதியின் காரணமாகச் சில குடும்பங்கள் வாசலிலேயே நின்றுவிடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பள்ளி எல்லாருக்கும் பொதுவான இடம்.

தன்னார்வலராக வருபவர்களுக்கு என்ன கட்டுப்பாடுகள்?

தலைமை ஆசிரியரின் எழுத்து அனுமதியும் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் யாரும் பிள்ளைகளோடு பணிசெய்யக் கூடாது. ஊருக்கு மிகவும் தெரிந்தவராக இருந்தாலும் இதில் விதிவிலக்கு வேண்டாம். மூடிய அறையில் தனியாகப் பிள்ளையோடு இருக்கக் கூடாது. பிறர் கண்ணுக்குத் தெரியும் திறந்த இடத்திலேயே எல்லாம் நடக்க வேண்டும். அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படி ஆசிரியருக்கே தடை செய்யப்பட்டவை, தன்னார்வலருக்கும் அவ்வாறே. மத போதனையும் கட்சிப் பேச்சும் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று வகுப்பில் கண்டதைத் தெருவில் பேசக் கூடாது. பிள்ளை எதையேனும் அச்சத்தோடு சொன்னால், நீங்களே விசாரிக்க முனையாமல் குழந்தைகள் உதவி எண் 1098 க்கு அழையுங்கள்.

குழு பெயரளவில்தான் இருக்கிறது, கூட்டமே நடப்பதில்லை. என்ன செய்வது?

முதலில் தலைமை ஆசிரியரோடு தனியாகப் பேசுங்கள். பெரும்பாலும் காரணம் வேலைச்சுமைதான். பெற்றோர் நால்வர் சேர்ந்து நாளையும் பொருளையும் எழுதிக் கொடுத்து, அழைக்கும் பொறுப்பை ஏற்றால் கூட்டம் நடந்துவிடும். நடக்கவில்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற இலவச எண்ணிலும் தெரிவிக்கலாம். கூட்ட நேரத்தைப் பெற்றோருக்கு ஏற்றபடி மாற்றக் கேட்பதும் நியாயமே. நூறு நாள் வேலையிலிருந்து திரும்பும் நேரத்தை அறியாமல் வைக்கும் கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் இவை பொருந்துமா?

உதவி பெறும் பள்ளிகளிலும் குழு உண்டு. ஆனால் 2012 இல் செய்த திருத்தத்தின்படி அங்கு அது ஆலோசனை கூறும் அமைப்பு மட்டுமே. உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21 ஆம் பிரிவு பொருந்தாது. எந்தப் பள்ளியானாலும், சேர்க்கைக்காக நன்கொடை கேட்பது சட்டப்படி குற்றம்.

என் பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டால் நான் விலகிவிட வேண்டுமா?

பெற்றோர் என்ற முறையிலான உறுப்பினர் பதவி முடிந்துவிடும். பதிவேடுகள், ரசீதுக் கட்டுகள், வங்கிப் புத்தகம், பீரோ சாவி ஆகியவற்றைப் புதிய உறுப்பினரிடம் கூட்டத்தில் எண்ணி ஒப்படைத்து, ஒப்படைத்ததைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். நிறைவேறாமல் நிற்கும் மனுக்களின் நகல்களையும், அவற்றை எந்த அலுவலகத்தில் எந்த நாளில் கொடுத்தீர்கள் என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால், புதியவர் அடுத்த நினைவூட்டலை மறு வாரமே அனுப்ப முடியும். வாசிப்பு நேரத்துக்கோ தோட்ட வேலைக்கோ அனுமதி பெற்றுத் தொடர்ந்து வரலாம். நீங்களே அந்தப் பள்ளியில் படித்தவராக இருந்தால், அடுத்த முறை குழு அமைக்கப்படும்போது முன்னாள் மாணவர் இடத்துக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள்.